எம்9 லென்ஸை அடையாளம் காணவில்லை: கண் கெட்டதா, குறி அழிந்ததா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். பழைய லைக்கா எம்9 டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். கையில் மூன்று லென்ஸ். 35 எம்எம் சம்மிக்ரான் ஏஎஸ்பிஎச், கம்பெனியிலேயே ஆறு பிட் குறியீடு போட்டு வந்தது. அதை மாட்டினால், படத்தோடு சேர்ந்து பதிவாகும் எக்சிஃப் தகவலில் லென்ஸ் பெயரே வருவதில்லை. 90 எம்எம் எல்மரிட், பிறகு குறியீடு போடப்பட்டது. அதை மாட்டினால் வேறு ஏதோ லென்ஸின் பெயர் வருகிறது. மூன்றாவது, திருகு மவுண்ட் காலத்து 5 செ.மீ. எல்மர், அடாப்டர் போட்டு மாட்டுவது. அதற்கும் ஒன்றும் வரவில்லை. விற்றவர் ‘லென்ஸ்தான் பழசு, கேமராவில் குறையில்லை’ என்கிறார். உங்களுக்குச் சந்தேகம் கேமரா மேல்.

உங்கள் சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றும் ஒரே நோய் இல்லை. மூன்றாவது லென்ஸுக்கு நோயே இல்லை. முதல் இரண்டும் பார்க்க வேறு வேறாகத் தெரிந்தாலும் ஒரே காரணத்தால் வந்திருக்க வாய்ப்பு அதிகம். அது எப்படி என்று புரிய, கேமரா லென்ஸை எப்படிப் படிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எம் பேயனெட் மவுண்ட் 1954-இல் எம்3 கேமராவோடு வந்தது. அதில் மின்தொடர்பு எதுவும் கிடையாது. லென்ஸுக்கும் பாடிக்கும் இடையே நடப்பதெல்லாம் இயந்திர வேலை: ஃபோகஸ் தூரத்தைப் பாடிக்குத் தள்ளிச் சொல்லும் ஓர் உலோக விளிம்பு (கேம்), வியூஃபைண்டரில் படத்தின் எல்லையைக் காட்டும் ஃப்ரேம் கோடுகளில் எவை தெரிய வேண்டும் என்று சொல்லும் ஒரு பேயனெட் காது, அவ்வளவுதான். 2006-இல் எம்8 வந்தபோது லைக்காவுக்கு ஒரு சிக்கல். டிஜிட்டல் சென்சருக்கு எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் அரை நூற்றாண்டு காலத்து லென்ஸ்களைக் கைவிடவும் முடியாது. அதற்குக் கண்டுபிடித்த வழிதான் இந்தக் குறியீடு. லென்ஸின் மவுண்ட் வளையத்தில் ஆறு சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் கறுப்பு அல்லது வெள்ளைப் பெயின்ட். பாடியின் மவுண்ட் வளையத்தில் அதற்கு நேர் எதிரே சின்னக் கறுப்பு சன்னல் ஒன்று; அதற்குப் பின்னால் ஒளியை அனுப்பித் திரும்பி வருவதைப் பார்க்கும் ஆறு ஒளியுணரிகள். வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கும். ஆறு இடம், இடத்துக்கு இரண்டு வாய்ப்பு, ஆக மொத்தம் 64 சேர்க்கைகள். கேமரா தன் ஃபர்ம்வேரில் (உள்ளே இருக்கும் மென்பொருளில்) உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்கிறது.

குறியீடு இல்லாத லென்ஸின் மவுண்ட் வெறும் பளபளப்பான குரோம். ஆறு இடமும் ஒளியைத் திருப்பி அனுப்பும். அதைக் கேமரா ‘குறியீடு இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் எல்மருக்கு ஒன்றும் வராததற்கு இதுதான் காரணம், வந்தால்தான் ஆச்சரியம். அதை நோய்க் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். (போகிற போக்கில் ஒரு எச்சரிக்கை: மடங்கும் குழல் கொண்ட அந்த எல்மரை எம்9 பாடியில் மாட்டியபின் உள்ளே மடக்காதீர்கள். இழுத்துப் பூட்டிய நிலையில் மட்டும் பயன்படுத்தச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கிறது.)

இனி 35-உம் 90-உம்.

எதையும் துடைப்பதற்கு முன் மெனுவைப் பாருங்கள். எம்9-இல் ‘லென்ஸ் டிடெக்‌ஷன்’ என்ற இடத்தில் ஆஃப், ஆட்டோமேட்டிக், மேனுவல் என்று மூன்று இருக்கும். பழைய உரிமையாளர் குறியீடு இல்லாத லென்ஸ் வைத்திருந்தால் ‘மேனுவல்’ போட்டு ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்திருப்பார், அப்படியே விற்றிருப்பார். அப்போது எந்த லென்ஸ் மாட்டினாலும் ஒரே பெயர்தான் வரும். உங்களுக்கு 35-இல் ஒன்றும் வராமல் 90-இல் மட்டும் தவறான பெயர் வருகிறது, ஆகவே இது உங்கள் கதை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒருமுறை எல்லா அமைப்புகளையும் ரீசெட் செய்து, ‘ஆட்டோமேட்டிக்’ வைத்து, பேட்டரியை முழுக்க ஏற்றி, கேமராவை அணைத்து லென்ஸை மாட்டி, பிறகு போடுங்கள். லென்ஸ் ‘கிளிக்’ என்று பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குறைவாகத் திரும்பியிருந்தாலும் குழிகள் சன்னலுக்கு நேரே வராது.

எம்8 வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: அதில் ‘மேனுவல்’ கிடையாது. ஆஃப், ஆன், ‘ஆன் + யூவி/ஐஆர்’ மட்டும். குறியீடு இல்லாத லென்ஸை எம்8-க்கு அறிமுகப்படுத்த வேண்டுமானால் குறியீடு போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து, பலரும் தவறவிடும் ஓர் இடம்: ஃப்ரேம் கோடுகள். கேமரா அந்த ஆறு குழிகளை மட்டும் பார்ப்பதில்லை. லென்ஸின் பேயனெட் காது, ஃப்ரேம் கோடுகளைத் தேர்ந்தெடுக்கும் லீவரை எந்த இடத்துக்குத் தள்ளியிருக்கிறது என்பதையும் பார்க்கிறது. எம்9-இல் கோடுகள் ஜோடியாக வரும்: 28-உம் 90-உம், 35-உம் 135-உம், 50-உம் 75-உம். மூன்று குவியத்தூரங்களை ஒரே லென்ஸில் தரும், 1998-இல் வந்த 28-35-50 ட்ரை-எல்மர் இதற்கு நல்ல சாட்சி. அதில் ஒரே குறியீடுதான். ஆனால் வளையத்தைத் திருப்பும்போது ஃப்ரேம் கோடும் மாறுவதால், இப்போது எந்தக் குவியத்தூரம் என்று கேமராவுக்குத் தெரிந்துவிடும். 2006-இல் வந்த 16-18-21 ட்ரை-எல்மர் கோட்டை மாற்றாது. அதனால் அதை மாட்டினால் 16-ஆ, 18-ஆ, 21-ஆ என்று மெனுவில் நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே 90-ஐ மாட்டிக்கொண்டு வியூஃபைண்டருக்குள் பாருங்கள். 90-க்கான சின்னச் சட்டமும் வெளியே 28-க்கான பெரிய சட்டமும் தெரிய வேண்டும். 35-ஐ மாட்டினால் 35-உம் 135-உம். வேறு ஜோடி தெரிந்தாலோ, இரண்டு ஜோடிகள் பாதிப் பாதியாகத் தெரிந்தாலோ, குறையை அங்கேயே தேடுங்கள். லீவரின் ஸ்பிரிங் மந்தமாகிப்போன பழைய பாடிகளைப் பார்த்திருக்கிறேன். லென்ஸைக் கழற்றியபின் லீவரை விரலால் தள்ளி விட்டுப்பார்த்தால் தெரியும், சட்டென்று தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். சோம்பேறியாக நகர்ந்தால் உள்ளே எண்ணெய் கெட்டியாகியிருக்கிறது. குறியீடு சரியாகப் படிக்கப்பட்டும் லீவர் தவறான இடத்தில் நின்றால் பெயர் பொருந்தாது.

அடாப்டர் வாங்குபவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். திருகு மவுண்டிலிருந்து எம்-க்கு மாற்றும் அடாப்டர்கள் மூன்று வகை, ஒவ்வொன்றும் ஒரு ஜோடிக் கோட்டைத் தள்ளும். 35 எம்எம் திருகு லென்ஸுக்கு 50/75 அடாப்டரைப் போட்டு, அதில் 35-க்கான குறியீட்டையும் வரைந்துவிட்டு, ‘கேமரா படிக்கவில்லை’ என்று வருந்துபவர்கள் உண்டு.

ஃப்ரேம் கோடு சரி என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒன்றும் வராததைவிடத் தவறான பெயர் வருவது நமக்கு நல்லது. தவறான பெயர் ஒரு துப்பு.

ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன், இவை உண்மையான குறியீடுகள் இல்லை. உங்கள் 35-இன் குழிகள் ஒரு பக்கத்திலிருந்து பார்க்க இப்படி இருக்கின்றன என்று வையுங்கள்: கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, வெள்ளை, கறுப்பு. 90-இன் குழிகள்: வெள்ளை, கறுப்பு, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. இரண்டிலும் மூன்றாம் இடம் கறுப்பு. கேமராவின் மூன்றாம் ஒளியுணரி மட்டும் எப்போதும் ‘வெள்ளை’ என்றே சொல்கிறது என்று வைப்போம். 35-ஐ அது கறுப்பு, வெள்ளை, வெள்ளை, வெள்ளை, வெள்ளை, கறுப்பு என்று படிக்கும். அப்படி ஒரு லென்ஸ் பட்டியலில் இல்லையென்றால் பெயர் வராது. 90-ஐ வெள்ளை, கறுப்பு, வெள்ளை, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று படிக்கும். அந்தச் சேர்க்கை வேறொரு லென்ஸுக்கு இருந்தால் அதன் பெயர் வரும். ஒரே குறை, ஒரு லென்ஸில் மௌனம், இன்னொன்றில் பொய்ப்பெயர். மூன்றாம் இடம் வெள்ளையாக உள்ள ஒரு லென்ஸை நண்பரிடம் வாங்கி மாட்டினால் அச்சுப் பிசகாமல் சரியான பெயரைச் சொல்லும்!

ஏமாறுவது இங்கேதான். விற்பவர் தன்னிடமுள்ள ஒரு லென்ஸை மாட்டிக் காட்டுவார். சரியாக வரும். ‘பாருங்கள், கேமரா நன்றாக இருக்கிறது, உங்கள் லென்ஸில்தான் கோளாறு’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த லென்ஸில் கெட்ட இடம் சோதிக்கப்படவே இல்லை. ஒரு லென்ஸ் வேலை செய்வதால் ஆறு ஒளியுணரிகளும் நன்றாக இருக்கின்றன என்று ஆகாது. ஆறு இடமும் கறுப்பாக ஒருமுறையாவது, வெள்ளையாக ஒருமுறையாவது படிக்கப்பட்டால்தான் சோதனை முடிந்தது.

எனவே காகிதமும் பென்சிலும் எடுங்கள். இரண்டு லென்ஸின் குழிகளையும் நல்ல வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வைத்து, ஒரே திசையிலிருந்து பார்த்து வரிசையாக எழுதுங்கள். அதன் கீழே 90-க்குப் பதில் கேமரா சொல்லும் அந்தப் பொய்ப்பெயர் லென்ஸின் உண்மையான குறியீட்டை எழுதுங்கள். குறியீட்டுப் பட்டியல்களை லைக்கா ஆர்வலர்கள் தொகுத்து வைத்திருக்கிறார்கள், தேடினால் கிடைக்கும். எந்த இடத்தில் 90-இன் குழிகளும் பொய்ப்பெயர் லென்ஸின் குறியீடும் மாறுபடுகின்றனவோ அந்த இடம்தான் குற்றவாளி. அந்த இடத்தை இப்போது 35-இல் பாருங்கள். அங்கேயும் 90-இல் உள்ள அதே நிறம் என்றால் பழி கேமரா மேல். வேறு நிறம் என்றால் 35-இன் குறை தனி, 90-இன் குறை தனி. பழி லென்ஸ்கள் மேல் போகிறது.

கேமரா மேல் பழி விழுந்தாலும் உடனே சர்வீசுக்கு அனுப்ப வேண்டாம். ஒளியுணரி கெட்டுப்போவதைவிடச் சன்னல் அழுக்காவது மிகச் சாதாரணம். லென்ஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. பித்தளைத் துகள், கிரீஸ், விரல் எண்ணெய் எல்லாம் அந்தச் சன்னலின் மேல் படியும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி சுத்தமாகத் தெரியும். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் படலம் தெரியும். கிரீஸ் படலம் ஒளியைச் சிதறடித்துக் கறுப்பை வெள்ளையாகவும் காட்டலாம், கெட்டியான அழுக்கு ஒளியை மறைத்து வெள்ளையைக் கறுப்பாகவும் காட்டலாம்.

துடைக்கும் முறையில் கவனம் வேண்டும். இந்தக் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் மடங்கும் கண்ணாடி (மிரர்) எதுவும் இல்லை. மவுண்டுக்குள் பார்த்தால் நேராக ஷட்டரின் மெல்லிய உலோகத் தகடுகள்தான். கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடியுங்கள், விழும் துகள் கீழே விழட்டும். முதலில் கையால் அழுத்தும் ரப்பர் புளோயர். டப்பாவில் வரும் அழுத்தக் காற்று வேண்டவே வேண்டாம். பிறகு மைக்ரோஃபைபர் துணியின் ஒரு நுனியில் ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் ஒரு சொட்டு, ஈரம் தெரியாத அளவுக்கு, சன்னலின் மேல் மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரைக் கேமரா அருகே கொண்டுவராதீர்கள். அது எந்தப் பிளாஸ்டிக்கை, எந்தப் பெயின்டைக் கரைக்கும் என்று சொல்ல முடியாது. லென்ஸின் குழிகளை உலர்ந்த துணியால் சுற்றிய பல்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். அங்கே ஆல்கஹாலைத் தொடாதீர்கள், குறிப்பாக உங்கள் 90-இல். காரணம் என் அனுபவத்தில் இருக்கிறது.

நான் எம்8 வாங்கியபோது கூடவே 28 எம்எம் எல்மரிட் ஒன்றும் வந்தது. ‘குறியீடு போட்ட லென்ஸ்’ என்று சொல்லித்தான் விற்றார்கள், அதற்கேற்ற விலையும் வாங்கினார்கள். இரண்டு மாதம் ஒழுங்காகப் படித்தது. பிறகு ஒருநாள் படங்களின் மூலைகள் எல்லாம் பச்சைநீலம் பூத்து வந்தன. எம்8-இல் சென்சருக்கு முன்னால் உள்ள கண்ணாடி வெறும் 0.5 மி.மீ. தடிப்பு, அகச்சிவப்பு ஒளி தாராளமாக உள்ளே வரும். அதனால் கறுப்புச் செயற்கை இழைத் துணி கத்தரிப்பூ நிறமாக விழும். அதைத் தடுக்க லென்ஸின் முன்னால் யூவி/ஐஆர் ஃபில்டர் போட வேண்டும். லைக்காவே எம்8 வாங்கியவர்களுக்கு இரண்டு ஃபில்டர்களை இலவசமாகக் கொடுத்தது. ஆனால் அந்த ஃபில்டர் சாய்வாக வரும் ஒளியில் சிவப்பையும் கொஞ்சம் வெட்டிவிடும். அகலக்கோண லென்ஸில் மூலைகளுக்கு ஒளி சாய்வாகத்தான் வருகிறது. கேமரா இது 28 என்று அறிந்தால் அந்தப் பச்சைநீலத்தைத் தானே சரிசெய்யும். அறியாவிட்டால் விட்டுவிடும். ஆக என் கேமரா 28-ஐ மறந்துவிட்டது.

சென்சர் போயிற்று என்று பயந்து பழுது பார்க்கும் இடத்தில் விலைப்பட்டியல்கூட வாங்கிவிட்டேன். அனுப்புவதற்கு முந்தைய இரவு மவுண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது: அங்கே குழிகளே இல்லை. வெறும் குரோம் பரப்பின் மேல் மார்க்கர் பேனாவால் யாரோ புள்ளி வைத்திருக்கிறார்கள். இரண்டு மாத உரசலில் அவற்றில் இரண்டு பாதி அழிந்துபோயிருந்தன. கம்பெனிக் குறியீட்டில் பெயின்ட் பரப்பைவிடத் தாழ்ந்த குழிக்குள் இருக்கிறது, அதனால்தான் பல்லாண்டு நிற்கிறது. பரப்பின் மேல் வைத்த மை நிற்காது. விற்றவரிடம் கேட்டேன், அவருக்கு அவருடைய முந்தையவர் சொன்னதைத்தான் சொன்னார். அன்றிலிருந்து ‘குறியீடு போட்ட லென்ஸ்’ என்று யார் சொன்னாலும் குழி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்காமல் நம்புவதில்லை.

உங்கள் 90 ‘பிறகு குறியீடு போடப்பட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். யார் போட்டது? லைக்கா செய்தால் மவுண்ட் வளையத்தையே மாற்றிக் குழியுள்ள புது வளையம் பொருத்துவார்கள். வேறு யாரோ செய்திருந்தால் இருக்கிற வளையத்திலேயே குழி தோண்டியிருக்கலாம், அல்லது மார்க்கர் வைத்திருக்கலாம். பழைய லென்ஸ்கள் சிலவற்றில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு: வளையத்தைப் பிடிக்கும் திருகாணி ஒன்றின் தலை, குறியீட்டு இடம் ஒன்றின் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் கறுப்பு வேண்டுமானால் திருகாணித் தலைக்குக் கறுப்பு அடிக்க வேண்டும், அதன் காடிக்குள் ஒளி விழுந்து விளையாடும். இப்படிப்பட்ட லென்ஸ் ஒருநாள் படிக்கும், ஒருநாள் படிக்காது. தேய்ந்து பித்தளை தெரியும் வளையத்திலும் இதே நிலையின்மை வரும், ஏனென்றால் மங்கிய பித்தளை குரோம் அளவுக்கு ஒளியைத் திருப்புவதில்லை. அங்கே வெள்ளை இடங்களுக்கும் பெயின்ட் வைப்பது நல்லது.

ஃபர்ம்வேரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பட்டியல் கேமராவுக்குள் இருப்பதால், கேமராவின் ஃபர்ம்வேருக்குப் பிறகு வெளிவந்த லென்ஸை அது அறியாது. உங்கள் இரண்டு லென்ஸும் எம்9-ஐவிட மூத்தவை. 35 சம்மிக்ரான் ஏஎஸ்பிஎச் 1997-இல் வந்தது, எம்9 2009 செப்டம்பரில். ஆகவே உங்களுக்கு இது காரணமாக இருக்க முடியாது. கடைசி ஃபர்ம்வேரைப் போட்டுக்கொள்வதில் தவறில்லை, முழு பேட்டரியோடு.

சன்னலைத் துடைத்தும் மாறவில்லை என்றால் கேமராவையே நேரடியாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. அதற்கான கருவி உங்களிடமே இருக்கிறது: அந்த எல்மரின் அடாப்டர். விலை குறைந்த, குறியீடு இல்லாத குரோம் வளையம். தவறாக வரைந்தால் அழித்துவிடலாம். 35-இன் மவுண்ட் மேல் மெல்லிய டிரேசிங் தாளை வைத்து, ஆறு குழிகளையும் பேயனெட் காதுகளின் ஓரங்களையும் பென்சிலால் எடுங்கள். அந்தத் தாளை அடாப்டர் மேல் காதுகளுக்குக் காது பொருந்தும்படி வைத்து, குழிகளின் இடத்தைக் குறியுங்கள். அடாப்டர் 50/75 கோடுகளைத் தள்ளுகிறதா என்று வியூஃபைண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளினால், பட்டியலிலிருந்து ஒரு 50 எம்எம் லென்ஸின் குறியீட்டை எடுத்து, கறுப்பு வரவேண்டிய இடங்களில் மட்டும் நுண்ணிய மார்க்கரால் புள்ளி வையுங்கள். வெள்ளை இடங்களுக்கு குரோமே போதும். மை நன்றாக உலரட்டும், இல்லாவிட்டால் அது சன்னலில் ஒட்டிப் புது நோயை உண்டாக்கும். மாட்டி, ஒரு படம் எடுத்து, எக்சிஃப் பாருங்கள். பிறகு அழித்து, இன்னொரு 50-இன் குறியீடு. 75-க்கான குறியீடுகளும் இதே கோட்டு ஜோடியில் வருவதால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். நாலைந்து குறியீடுகளை முயன்றால் ஆறு இடங்களில் பெரும்பாலானவை இரு நிறத்திலும் சோதிக்கப்பட்டுவிடும். எந்த இடத்தில் எப்போதும் தவறுகிறதோ அது கேமராவின் ஒளியுணரி. இந்தச் சோதனை முடிவை எழுதி வைத்துப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் அவர் வேலையும் பாதியாகும், உங்கள் செலவும் குறையும். விற்றவரிடம் பேசவும் இதைவிட நல்ல சான்று வேறில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பாடியின் மவுண்ட் வளையத்தைத் திருகாணி கழற்றித் திறக்காதீர்கள். ஒளியுணரி அதற்குப் பின்னால்தானே, எட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். மவுண்டுக்கும் சென்சருக்கும் உள்ள தூரம் 27.80 மி.மீ. என்று நுணுக்கமாக அமைக்கப்பட்டது. அந்தத் தூரத்தைச் சரிக்கட்ட, அடியில் காகிதத்தைவிட மெல்லிய தகடுகள் (ஷிம்) இருக்கலாம். அவை இடம் மாறினால் பெயர் தெரியாத குறை போய், எந்த லென்ஸும் ஃபோகஸ் ஆகாத குறை வந்துசேரும்.

சரி, ஒளியுணரி ஒன்று கெட்டேவிட்டது என்றே வைப்போம். எவ்வளவு இழப்பு? உங்கள் லென்ஸ்களுக்கு உண்மையில் கொஞ்சம்தான். குறியீட்டைக் கேமரா முக்கியமாகப் பயன்படுத்துவது மூலை இருட்டையும், அகலக்கோண லென்ஸ்களில் ஓரத்தில் படியும் நிறத்தையும் திருத்த. லென்ஸின் பின்கண்ணாடி சென்சருக்கு மிக அருகே இருக்கும்போதுதான் அந்த நிறம் தொல்லை தருகிறது. 28-உம் அதற்குக் கீழும்தான் தொல்லை. 35-இல் லேசாக, கூர்ந்து பார்த்தால் தெரியும். 50-இலும் 90-இலும் வித்தியாசம் தேடிப்பிடிக்க வேண்டும். எக்சிஃப்பில் பெயர் வருவதும், ஆட்டோ ஐஎஸ்ஓவில் ‘லென்ஸைப் பொறுத்து’ குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை அது தேர்ந்தெடுப்பதும் வசதிகள், அவ்வளவே. எம்9-இல் ‘மேனுவல்’ மெனுவில் உங்கள் 35-ஐத் தேர்ந்தெடுத்தால் அதே திருத்தங்கள் எல்லாம் கிடைக்கும். ஒரே தொல்லை, லென்ஸ் மாற்றும்போது மெனுவையும் மாற்ற நினைவு வேண்டும்.

பின்னாளில் வொய்க்லாந்தர், ஸைஸ் போன்ற குறியீடு இல்லாத அகலக்கோண லென்ஸ் வாங்கினால், மெனுவில் அதே குவியத்தூரமும் ஏறக்குறைய அதே வடிவமைப்பும் கொண்ட லைக்கா லென்ஸைப் போட்டு வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பாருங்கள். எது ஓரத்தைச் சமமாகக் காட்டுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஸைஸ் சி பயோகான் 21 எஃப்/4.5 போன்ற பின்கண்ணாடி ஆழமாக உள்ளே வரும் லென்ஸுக்கு எந்தப் பெயரும் முழுதாகப் பொருந்தாது. அவற்றுக்குக் கார்னர்ஃபிக்ஸ் என்ற மென்பொருளோ, லைட்ரூம் கிளாசிக்கில் உள்ள ஃப்ளாட்-ஃபீல்ட் திருத்தமோதான் வழி. வெள்ளைப் பரப்பின் மாதிரிப் படம் ஒன்று எடுத்துக் கொடுத்தால் அதை வைத்துத் திருத்தும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கையில் இருப்பது எம்9. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் குறியீட்டைவிட முக்கியமான ஒன்றைப் பாருங்கள். எம்9-இன் சிசிடி சென்சரின் மேல்கண்ணாடி காலப்போக்கில் அரித்துப்போகக்கூடியது. லைக்கா அதை ஒப்புக்கொண்டு முன்பு இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 90-ஐ மாட்டி, எஃப்/16-இல், ஃபோகஸ் இல்லாமல் வெளிர் வானத்தைப் படமெடுத்து, கணினியில் முழு அளவில் பாருங்கள். தூசி கூர்மையான புள்ளியாகத் தெரியும், துடைத்தால் போகும். அரிப்பு நடுவில் புள்ளியும் சுற்றி ஒளிவட்டமும் போலத் தெரியும், எவ்வளவு துடைத்தாலும் இடம் மாறாது. அப்படி ஏதாவது தெரிந்தால் பெயர் காட்டாத 35-ஐப் பற்றிய பேச்சையே எடுக்க வேண்டாம், கேமராவைத் திருப்பிக் கொடுங்கள்.

வானம் சுத்தமாக இருந்தால் நான் சொன்ன வரிசையில் போங்கள்: மெனு, ஃப்ரேம் கோடு, குழிகளை எழுதுவது, சன்னலைத் துடைப்பது, கடைசியாக அடாப்டர். இரண்டு லென்ஸின் ஆறு நிறங்களையும், 90-க்குக் கேமரா சொல்லும் அந்தத் தவறான பெயரையும் எழுதி அனுப்புங்கள். எந்த இடம் என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.